ஹெவி மெட்டலுக்கு முன்னே நடந்த கதை: பழுதான கருவிகளும் பாடுபட்ட கைகளும்

 

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு விவாதம் ஓடியது. ஒருவர், தன் மகன் கல்லூரியிலிருந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஹெவி மெட்டல் கேட்பதாகவும், வீடு லேத் பட்டறை மாதிரி ஆகிவிட்டதாகவும் எழுதினார். "அதெல்லாம் இசையே இல்லை, காட்டுக் கூச்சல். கிட்டாரைப் பிடுங்கி வைத்துவிடு" என்று இன்னொருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். மூன்றாவது ஆள், "சார் சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார். பதில் எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. அதனால் பதிவாகவே போடுகிறேன். ஒரு பீரியட் நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

நான் இயற்பியல் வாத்தியார். கர்நாடக இசையும் பழைய திரைப்பாட்டும் கேட்டு வளர்ந்த காது எனக்கு. இந்த இசைக்கு ரசிகன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஓய்வு பெற்றபின் கிடைத்த நேரத்தில் இது எங்கிருந்து முளைத்தது என்று தேடிப் படித்தேன், பாட்டுகளை ஆண்டு வரிசையில் கேட்டும் பார்த்தேன். எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்த இசைக்கு வழி போட்டவர்கள் பெரும்பாலும் உழைத்துப் பிழைத்த எளிய வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கைக்கு வந்த கருவிகளில் பாதி பழுதானவை. சிலருக்கு உடம்பே பழுதாகியிருந்தது. அந்தப் பழுதிலிருந்து கேட்ட ஓசையை அவர்கள் ஒதுக்காமல் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் அதுவே ஒரு இசையாகிவிட்டது.

கதையை அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அங்கே ஸ்டோவால் என்ற பண்ணையில் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு என்ற கறுப்பின இளைஞர் வேலை செய்தார். அவருக்கு வழங்கிய பெயர் மடி வாட்டர்ஸ், அதாவது கலங்கல் தண்ணீர். பகலில் பண்ணை வேலை, இரவில் கிட்டார். அவர் வாசித்தது ப்ளூஸ். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் தங்கள் துயரத்தையும் காதலையும் கேலியையும் பாடிய இசை அது. 1941-இல் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி வந்த ஆலன் லோமாக்ஸ் அவரை அங்கேயே பதிவு செய்தார். 1943-இல் மடி வாட்டர்ஸ் ஊரை விட்டு சிகாகோவுக்கு ரயில் ஏறினார். அவர் மட்டும் போகவில்லை. 1910-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு பக்கம் நிறவெறிக் கொடுமை, மறுபக்கம் தொழிற்சாலை வேலை என்ற நம்பிக்கை.

சிகாகோவில் அவருக்கு ஒரு சிக்கல். கிராமத்துத் திண்ணையில் மரக்கிட்டார் போதும். நகரத்து மதுக்கடையில் ஐம்பது பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கையில் அது யார் காதிலும் விழாது. எனவே மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். சத்தம் கூட்டியது பிழைப்புக்காக. ஆனால் மின்சாரம் ஏறியதும் அந்தப் பழைய ப்ளூஸின் குணமே மாறிவிட்டது. கனமாயிற்று, சற்று மிரட்டலாகவும் ஆயிற்று. 1958-இல் அவர் இங்கிலாந்து போனபோது, ப்ளூஸ் என்றால் மரக்கிட்டாரும் மெல்லிய குரலும் என்று நினைத்து வந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திகைத்துப் போனார்கள். அந்த நாட்டில் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளில் சிலர்தான் பத்தே ஆண்டுகளில் உலகத்தையே அதிரவைக்கப் போகிறவர்கள்.

இப்போது முதல் பழுதுக்கு வருவோம்.

1951 மார்ச் மாதம். ஐக் டர்னர் என்ற இளைஞரின் குழு மிசிசிப்பியிலிருந்து மெம்ஃபிஸ் நகரத்துக்குப் பாட்டுப் பதிவு செய்யக் காரில் கிளம்பியது. வழியில் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் சேதமாகிவிட்டது. ஸ்டுடியோவில் போய்ச் செருகினால் சுத்தமான ஒலி வரவில்லை, கரகரவென்று வந்தது. வேறு ஆம்ப்ளிஃபயருக்கு வழியில்லை. ஸ்டுடியோ உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் காகிதத்தைச் சுருட்டி உள்ளே அடைத்துப் பார்த்தார். கரகரப்பு போகவில்லை. கேட்கக் கேட்க அது அவருக்குப் பிடித்துப்போனது. அப்படியே பதிவு செய்தார். வில்லி கிஸார்ட் கிட்டார் வாசித்த அந்தப் பாட்டுதான் 'ராக்கெட் 88'. பாடிய ஜாக்கி பிரென்ஸ்டன் பெயரில் வெளியாகி, ரிதம் அண்டு ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ராக் அண்டு ரோலின் முதல் இசைத்தட்டு இதுதான் என்று சொல்பவர்களும் உண்டு.

அந்தக் கரகரப்பு என்பது என்ன? ஒலி பாடம் நினைவிருக்கிறதா? இசைக்கவையின் ஒலியை வரைந்தால் மேலும் கீழுமாக வழவழப்பான அலை வரும். ஆம்ப்ளிஃபயரால் ஒரு அளவுக்கு மேல் வீச்சைக் கூட்ட முடியாது. அதன் சக்திக்கு மீறிக் கொடுத்தால், தாழ்ந்த நிலைப்படியில் நெட்டையான ஆள் நுழைவது மாதிரி, அலையின் தலை இடிபடும். உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அப்படி வெட்டுப்பட்ட அலையில், மூலத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு மேற்சுரங்கள் சேர்ந்துகொள்ளும். நம் காது அதைக் கரகரப்பு என்று உணர்கிறது. பொறியாளர்கள் டிஸ்டார்ஷன் என்பார்கள். ரேடியோக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சரிசெய்து தரும் குறை அது.

இந்தக் குறைக்குள் ஒரு லாபமும் இருந்தது. கிட்டார் தந்தியைத் தட்டினால் ஒலி சட்டென்று தேய்ந்துவிடும். வயலின்போல இழுத்துப் பிடிக்க முடியாது. கரகரப்பு ஏறிய கிட்டாரில், தந்தியின் அதிர்வு குறைந்த பிறகும் அலை நிலைப்படியில் தட்டிக்கொண்டேதான் இருக்கும். அதனால் சுரம் நீண்டு நிற்கும். கிட்டாருக்கு மூச்சு வந்த மாதிரி. இதைத் தெரிந்துகொண்ட வாசிப்பாளர்கள் அதை விடவே இல்லை.

தற்செயலாக வந்த பழுதை வேண்டுமென்றே வரவழைக்கும் காலம் அடுத்து வந்தது.

வட கரோலினாவில் 1929-இல் பிறந்தவர் லிங்க் ரே. அமெரிக்கப் பூர்வகுடி மரபைச் சேர்ந்த ஏழைக் குடும்பம். ராணுவத்தில் இருந்தபோது காசநோய் பற்றி, பின்னர் ஒரு நுரையீரலை எடுத்துவிட்டார்கள். பாட மூச்சு போதாது. ஆகவே முழுக் கவனமும் கிட்டாரில். 1958-இல் ஒரு வாத்திய இசையைப் பதிவு செய்யும்போது, மேடையில் கேட்ட முரட்டு ஒலி ஸ்டுடியோவில் வரவில்லை என்று, பென்சிலை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தில் ஓட்டை போட்டார். 'ரம்பிள்' என்ற அந்த இசையில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனாலும் சில நகரங்களின் வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. 'ரம்பிள்' என்றால் பேச்சு வழக்கில் தெருச்சண்டை. இதைக் கேட்டால் பையன்கள் அடிதடியில் இறங்கிவிடுவார்களாம். சொல்லே இல்லாத இசைக்குத் தடை! பெரியவர்கள் சத்தத்தைப் பார்த்துப் பயப்படுவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல.

1964-இல் அதே வேலையை லண்டனில் ஒரு 17 வயதுப் பையன் செய்தான். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. தந்தை இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அவனிடம் இருந்தது எல்பிகோ என்ற மலிவான சின்னப் பச்சை ஆம்ப்ளிஃபயர். ஒரு நாள் சவர பிளேடை எடுத்து அதன் ஸ்பீக்கர் காகிதத்தைக் கீறினான். கிழிந்த காகிதம் படபடத்துக் கரகரத்தது. அந்த ஒலியில்தான் 'யூ ரியலி காட் மீ' பாட்டின் கிட்டார் பகுதி பதிவானது. பிரிட்டனில் முதலிடம். திரும்பத் திரும்ப ஒரே சிறு துண்டை முரட்டுத்தனமாக வாசிக்கும் முறை, அதாவது 'ரிஃப்', இந்தப் பாட்டில் பாடகனையே பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னே நிற்கிறது. ஹெவி மெட்டலின் அஸ்திவாரமே ரிஃப்தான்.

இதற்கு நடுவில் நாஷ்வில் நகரத்தில் இன்னொரு பழுது. கண்ட்ரி இசைப் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் 'டோண்ட் வொர்ரி' பதிவின்போது ஒலிக்கலவைப் பலகையின் ஒரு பகுதி கெட்டுப்போய், கிராடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் வண்டு ரீங்கரிப்பதுபோல் கேட்டது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-இல் பாட்டு வெளியானதும் மற்றவர்களும் "அந்த ஒலி எங்களுக்கும் வேண்டும்" என்று கேட்டார்கள். பலகையின் அந்தப் பகுதியோ முற்றிலும் செத்துவிட்டது. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி என்ன செய்தார் தெரியுமா? பழுதுபட்ட கருவி செய்ததையே டிரான்சிஸ்டர் சுற்றில் செய்ய வைத்தார். கிப்சன் நிறுவனம் 1962-இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற காலால் மிதித்து இயக்கும் பெட்டியாக விற்றது. முதலில் பெரிதாகப் போணியாகவில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாடிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்தியதும் கடைகளில் இருந்ததெல்லாம் காலியாகிவிட்டது. குறையைச் சரிசெய்யப் பொருள் விற்பதை நாம் அறிவோம். குறையை உண்டாக்கப் பொருள் விற்றது இங்கேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயரே மடி வாட்டர்ஸ் 1950-இல் பாடிய ஒரு பாட்டின் தலைப்பிலிருந்து எடுத்தது. மிசிசிப்பிக்கும் லண்டனுக்கும் பாதை போட்டாயிற்று.

அடுத்தவர் ஒரு வாத்தியார், அதனால் எனக்கு அவர்மேல் தனிப்பிரியம். பெயர் ஜிம் மார்ஷல். சிறுவயதில் எலும்பில் காசநோய் வந்து, பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதியை மாவுக்கட்டுக்குள்ளேயே கழித்தவர். வளர்ந்ததும் டிரம்ஸ் கற்றுக்கொடுத்தார். மேற்கு லண்டன் ஹான்வெல் பகுதியில் ஒரு இசைக்கருவிக் கடை வைத்தார். கடைக்கு வரும் பையன்கள், அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்கள் வாங்க முடியாத விலையில் இருப்பதாகவும், இன்னும் சத்தமாக ஒன்று வேண்டும் என்றும் நச்சரித்தார்கள். 1962-இல் கென் பிரான், டட்லி கிராவன் ஆகியோரோடு சேர்ந்து, ஃபெண்டர் பாஸ்மேன் என்ற அமெரிக்க ஆம்ப்ளிஃபயரை மாதிரியாக வைத்துத் தம் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். உதிரிபாகங்கள் பிரிட்டனில் கிடைத்தவை. அதனால் ஒலியும் வேறாக, இன்னும் முரட்டுத்தனமாக அமைந்தது.

தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்கு அதுவும் போதவில்லை. அவர் கேட்டுக் கேட்டு 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வந்தது. எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் வைத்துக் கேட்டார். செய்து கொடுத்தார்கள். தூக்க ஆள் வேண்டாமா? சுமப்பவர்கள் முதுகு ஒடிந்துவிடும் என்று, நான்கு நான்காகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இன்று எந்த மெட்டல் கச்சேரியிலும் மேடைக்குப் பின்னால் சுவர்போல் நிற்கிறதே 'மார்ஷல் ஸ்டாக்', அதன் பிறப்பு இப்படித்தான்.

அந்தக் கருவியைக் கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். முழுப்பெயர் ஜேம்ஸ் மார்ஷல் ஹெண்ட்ரிக்ஸ். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்து, பிறகு லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்து வயிற்றைக் கழுவியவர். 1966 செப்டம்பரில் லண்டனுக்கு வந்தார். இடக்கைக்காரர். வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார். பள்ளி ஆண்டு விழாவில் மைக் திடீரென்று 'கீ' என்று அலறுமே, தலைமையாசிரியர் முறைப்பாரே, அதன் பெயர் ஃபீட்பேக். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து சுற்றுவதால் வருவது. ஹெண்ட்ரிக்ஸ் மார்ஷல் சுவர்முன் நின்று அந்த அலறலைத் தன் சொற்படி ஏறி இறங்க வைத்தார். 1970-இல் 27 வயதில் இறந்துபோனார். லண்டனுக்கு வந்து நான்கே ஆண்டுகள்.

அதே 1966-இல் எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் மூவரும் க்ரீம் குழுவைத் தொடங்கினார்கள். மூன்றே பேர், ஆனால் மலைபோல ஒலி. 1968-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ப்ளூ சியர் என்ற மூவர் குழு, எடி காக்ரனின் பத்தாண்டுப் பழைய பாட்டான 'சம்மர்டைம் ப்ளூஸ்' என்பதை எடுத்து, காது கிழிகிற அளவுக்கு வாசித்து, அமெரிக்கப் பட்டியலில் 14-ஆம் இடம் பிடித்தது. அதே ஆண்டு, டவுன்ஷெண்டின் குழு மிகச் சத்தமான பாட்டு ஒன்றைப் போட்டிருப்பதாகப் படித்த பால் மெக்கார்ட்னி, அதை மிஞ்ச வேண்டும் என்று 'ஹெல்டர் ஸ்கெல்டர்' எழுதினார். இனிமைக்குப் பேர்போன பீட்டில்ஸே சத்தப் போட்டியில் இறங்கிவிட்டார்கள்! 'ஹெவி மெட்டல்' என்ற சொற்கள் ராக் பாட்டின் வரிகளுக்குள் வந்ததும் 1968-இல்தான். ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் 'பார்ன் டு பி வைல்டு' பாட்டில், மோட்டார் சைக்கிளின் இடிமுழக்கத்தைச் சொல்ல. பிறகுதான் அது ஒரு இசைவகையின் பெயராக ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

வில்லி டிக்சன் என்று ஒருவர். 1915-இல் மிசிசிப்பியில் பிறந்தவர். ஆஜானுபாகு. குத்துச்சண்டையில் பட்டம் வென்றவர். இரண்டாம் உலகப்போரில், தன் இனத்தாரை இப்படி நடத்தும் நாட்டுக்காகச் சண்டையிட மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனவர். பிறகு சிகாகோவில் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் பேஸ் வாசித்தார், பாட்டுகள் எழுதினார், பதிவுகளை நடத்தினார். மடி வாட்டர்ஸும் ஹவுலிங் வுல்ஃபும் பாடிப் புகழ்பெற்ற பல பாட்டுகள் அவருடையவை. க்ரீம் குழுவின் முதல் ஆல்பத்தில் அவர் பாட்டு இருக்கிறது. லெட் செப்பலின் குழு 1969-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் அவர் பாட்டுகள் இரண்டு, அவர் பெயரோடு இருக்கின்றன.

அதே ஆண்டு வந்த அவர்களுடைய இரண்டாம் ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஹோல் லாட்டா லவ்'. ஹெவி மெட்டலின் வாசற்படி என்று பலர் சொல்லும் பாட்டு. அதன் வரிகள், மடி வாட்டர்ஸ் 1962-இல் பாடிய, டிக்சன் எழுதிய 'யூ நீட் லவ்' பாட்டின் வரிகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆனால் இசைத்தட்டில் டிக்சன் பெயர் இல்லை. 1985-இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1987-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாயிற்று. பின்னர் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. பாட்டு வந்து பதினெட்டு ஆண்டுகள். அப்போது டிக்சனுக்கு 72 வயது. ஆனால் மனிதர் கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தன்னைப்போல உரிமை தெரியாமல் ஏமாந்த மூத்த கலைஞர்களுக்கு உதவ 'ப்ளூஸ் ஹெவன்' என்ற அறக்கட்டளையை நடத்தினார். செஸ் நிறுவனம் இயங்கிய அதே சிகாகோ கட்டடத்தில் இன்று அந்த அறக்கட்டளை இருக்கிறது.

லெட் செப்பலின் வாசித்தவர்களின் திறமையை நான் குறைக்கவில்லை. அந்தப் பாட்டின் ரிஃபும், நடுவில் வரும் ஒலி விளையாட்டும் அவர்கள் உழைப்பு. எனினும் மூத்தவர் வயலில் அறுத்த நெல்லை நம் களத்தில் கொட்டும்போது, யார் நெல் என்று சொல்லிவிட வேண்டும். இந்த இசையைக் கொண்டாடுகிற பிள்ளைகள் பலருக்கு மார்ஷல் பெட்டியின் பெயர் தெரியும், வில்லி டிக்சன் பெயர் தெரியாது. இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக இங்கிலாந்தின் பர்மிங்காம். ஆஸ்டன் பகுதி. உலோகத் தொழிற்சாலைகள் சூழ்ந்த, போரில் குண்டு விழுந்த தழும்பு மாறாத தொழிலாளர் குடியிருப்பு. அங்கே டோனி அயோமி என்ற இளைஞர் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். இடக்கையால் கிட்டார் வாசிப்பவர். 1965-இல், 17 வயதில், வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போகவேண்டும் என்று வேலையை விட முடிவு செய்தார். கடைசி நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிப் போகவேண்டாம் என்று நினைத்தார். ஒப்புக்கொண்ட வேலையை அரைகுறையாக விடக்கூடாது என்று அம்மா திருப்பி அனுப்பினார். நம் வீட்டு அம்மாக்கள் சொல்வதும் இதுதானே? அன்று வேறொருவர் வராததால், பழக்கமில்லாத அழுத்து இயந்திரத்தில் நிற்கவைத்தார்கள். வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. தந்திகளை அழுத்த வேண்டிய கை அது.

இனி வாசிக்க முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தொழிற்சாலை மேலாளர் ஒருவர் இசைத்தட்டோடு வந்து கேட்கச் சொன்னார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட், ஜிப்சி இனத்து ஜாஸ் கலைஞர். 1928-இல் அவர் தங்கியிருந்த வண்டியில் தீப்பிடித்து இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தன. மிச்ச விரல்களால் உலகம் வியக்க வாசித்தவர். அதைக் கேட்டபின் அயோமி வீட்டுக்குள் உட்கார்ந்து, பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, தையற்காரர் விரலுறைபோல இரண்டு தொப்பிகள் செய்து, மேலே தோல் ஒட்டி, விரல்களில் மாட்டிக்கொண்டார். சாதாரணத் தந்திகள் வலித்தன. மெல்லிய பாஞ்சோ தந்திகளை மாட்டினார். பிறகு தந்தியைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். 1971-இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாட்டுகள் மூன்று அரைச்சுரம் கீழே. வலி குறைந்தது, ஒலி கனத்தது. இன்று உலகமெங்கும் மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கி வாசிக்கின்றன. அதன் தொடக்கத்தில் இருப்பது ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட விரல்.

அந்த விரல்களுக்கு வசதியான பிடி, இரண்டு சுரங்களை மட்டும் சேர்த்து அழுத்துவது. பவர் கார்டு என்பார்கள். அந்த இரண்டு சுரங்கள் எவை தெரியுமா? சட்ஜமும் பஞ்சமமும்! நம் தம்பூராவில் ஒலிக்கும் அதே ஜோடி. விகிதம் 2:3. கரகரப்பு ஏறிய ஆம்ப்ளிஃபயரில் 200 ஹெர்ட்ஸும் 300 ஹெர்ட்ஸும் சேர்ந்து போனால், வித்தியாசமான 100 ஹெர்ட்ஸும் பிறக்கிறது. அதாவது கீழ்ஸ்தாயிச் சட்ஜம், யாரும் வாசிக்காமலே. அந்தக் கனம் இப்படித்தான் வருகிறது. காந்தாரத்தையும் சேர்த்தால் கண்ட அதிர்வெண்களும் பிறந்து குழம்பிவிடும். அதனால் அதை விட்டுவிடுகிறார்கள்.

அயோமி, பேஸ் வாசித்த கீசர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட், பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் ஆகிய நால்வரும் முதலில் ப்ளூஸ் குழுவாகத்தான் வாசித்தார்கள். ஆஸி கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலையும், இறைச்சிக் கூட வேலையும் பார்த்தவர். ஒரு பேய்ப்படத்தின் பெயரை எடுத்து 'பிளாக் சாபத்' என்று குழுவுக்கு வைத்தார்கள். அதே பெயரில் ஒரு பாட்டும் செய்தார்கள். ஹோல்ஸ்ட் எழுதிய 'கோள்கள்' என்ற மேல்நாட்டுச் செவ்வியல் படைப்பின் செவ்வாய்ப் பகுதியை பட்லர் வாசித்துப் பார்க்க, அதிலிருந்து அயோமிக்கு இந்தப் பாட்டின் ரிஃப் தோன்றியது. சட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்குத் தாவும் ரிஃப். மேல்நாட்டில் அந்த இடைவெளியைச் சாத்தானின் இசை என்று பெயரிட்டு ஒதுக்கினார்கள். நமக்கோ கல்யாணி ராகத்தில் அதே சுரம் மங்களம்! குறை சுரத்தில் இல்லை, நாம் எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

அந்த முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவானது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. ஹெவி மெட்டலின் பிறந்தநாளாகப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் நாள் அது. 2025 ஜூலை 5 அன்று அதே ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் சேர்ந்து கடைசியாக வாசித்தார்கள். ஜூலை 22-இல் ஆஸி காலமானார்.

சரி, "இது இசையா, கூச்சலா?" என்ற கேள்விக்கு வருகிறேன். பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. எனக்கே நான்கு பாட்டுக்கு மேல் தாங்காது. ஆனால் "வெறும் கூச்சல்" என்று ஒதுக்குவதற்கு முன், அதற்குள் பருத்திக்காட்டிலிருந்து ரயிலேறி வந்தவரும், ஒரு நுரையீரலோடு வாசித்தவரும், விரல் நுனி இழந்தவரும் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பேசலாம். கிட்டாரைப் பிடுங்க வேண்டாம். வாசிக்கிற பிள்ளைகளிடம், "இந்த ரிஃப் யார்கிட்ட இருந்து வந்தது?" என்று கேளுங்கள். தேடுவார்கள்.

ஆனால் காது விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 வாட் கேட்டு வாங்கிய டவுன்ஷெண்டே பின்னாளில் காது கேட்காமல் அவதிப்பட்டவர்தான். ஹெட்ஃபோனில் சத்தத்தைப் பாதிக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

வாத்தியார் பதிவு என்றால் வீட்டுப்பாடம் இல்லாமலா? இதே வரிசையில் கேளுங்கள். மடி வாட்டர்ஸ், 'ரோலிங் ஸ்டோன்', 1950. 'ராக்கெட் 88', 1951. லிங்க் ரேயின் 'ரம்பிள்', 1958. கிங்க்ஸ், 'யூ ரியலி காட் மீ', 1964. ஹெண்ட்ரிக்ஸ், 'பர்ப்பிள் ஹேஸ்', 1967. மடி வாட்டர்ஸின் 'யூ நீட் லவ்', உடனே அடுத்து லெட் செப்பலின் 'ஹோல் லாட்டா லவ்'. முடிவாக 'பிளாக் சாபத்', 1970. அரை மணி நேரம்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தப் பாட்டில் எந்தப் பழுது காதில் விழுந்தது என்று கீழே எழுதுங்கள். முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு எல்லோருக்கும் மதிப்பெண் உண்டு.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்